வீடு மட்டும் போதுமா?

மலேசியாவில் முதன்முதலாகச் சமூகப்பணிப் பட்டக்கல்வி 1975-இல் நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. அத்துறை மாணவன் என்ற முறையில், வளாகத்திற்கு அருகிலிருந்த கம்போங் புவா பாலாவை நாம் பாடமாகப் படிக்கவேண்டும் என்பேன்.

குளுகோரில் தமிழர்கள் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த கிராமம் அது. நிலம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டது. குடியிருப்பாளர்களின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்று தோற்றது. 2009 செப்டம்பரில் வீடுகள் உடைக்கப்பட்டன. இழப்பீடாகப் பேசப்பட்டவை இரட்டைமாடி வீடுகள். அவற்றின் மதிப்பைக் கணக்கிடலாம். ஆனால், வரிசை வீட்டில் மாட்டுக்கொட்டகைக்கு இடமேது? பால் வருமானத்தை யார் ஈடுசெய்வது?

ஜோர்ஜ்டவுனிலும் இதே சிக்கல் எழுந்தது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு பாதுகாப்பு முடிந்தபின், பழைய கடைவீடுகளில் வாழ்ந்த ஏழைகள் பலர் வெளியேற நேர்ந்தது.

நண்பர்களே, களப்பணிக்குச் செல்லும்போது ஒவ்வொரு குடும்பத்திடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நிலம் யார் பெயரில்? பிழைப்பு எதை நம்பி? அவசரத்திற்கு உதவுபவர் யார்? நீதிமன்றம் பெரும்பாலும் முதல் கேள்வியைத்தான் விசாரிக்கும். மற்ற இரண்டையும் நோட்டீஸ் வருமுன்பே பதிவுசெய்து, பேச்சுவார்த்தை மேசையில் வைப்பது சமூகப்பணியாளரின் கடமை.