களையை மட்டும் கொல்லும் மருந்து



வயலில் முளைத்த களைகளைப் பிடுங்கப் புறப்பட்ட வேலையாட்களை வீட்டுத் தலைவர் தடுத்த உவமையை நாம் அறிவோம். களையோடு கோதுமையும் வேரோடு வந்துவிடுமே என்பது அவருடைய அச்சம். மருந்து தேடும் விஞ்ஞானிகளுக்கும் இதே கவலைதான். உடலுக்குள் புகுந்த கிருமி சாகவேண்டும், உடலோ பிழைக்கவேண்டும். இது எவ்வாறு இயலும் என்பதை, எமது நாட்டில் பரவிவரும் ஒரு தோல் நோயைக் கொண்டு இம்முறை படிப்போம்.

நோகாத புண்

நோயின் பெயர் லீஷ்மேனியாசிஸ். இலங்கையிலேயே இது தொற்றிய முதலாவது நோயாளி 1992இல் அறியப்பட்டார். பின்னர் அனுராதபுரம், பொலநறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் மிகுதியாகவும், வவுனியா போன்ற வட மாவட்டங்களிலும் காணப்பட்டது. 2008 முதல் இது சுகாதாரப் பகுதியினருக்கு அறிவிக்கப்படவேண்டிய நோயாகும்.

இதைப் பரப்புவது மணல் ஈ. நுளம்பின் மூன்றிலொரு பங்கே இருக்கும். பொழுதுபட்ட பின் சத்தமின்றிக் கடிக்கும். ஈரமண், சாணம், உக்கிய இலைகுழை, மாட்டுக் கொட்டில், சுவர் வெடிப்பு ஆகியவை அதன் உறைவிடங்கள். காட்டோரத்தில் கொட்டில் போட்டுக் குடியிருப்போர் அதற்கு எளிதில் அகப்படுகின்றனர்.

முகம், கை, கால் போன்ற திறந்த இடங்களில் முதலில் சிறு பரு தோன்றும். மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து, நடுவில் புண்ணாகும். பெரும்பாலும் நோகாது, கடியாது. அதனாலேயே பலர் கவனியாது விடுகின்றனர். சிலர் சூடு வைத்துப் புண்ணைப் பெருப்பிக்கின்றனர்.

நொதியம் என்றால் என்ன?

ஊறவைத்த விதைநெல் முளைக்கும்போது, மணிக்குள் இருக்கும் மாப்பொருளைச் சீனியாக்கி முளைக்கு ஊட்டுவது எது? நொதியம் என்னும் புரதம். உயிருள்ள ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி நொதியம் உண்டு. பூட்டுக்கு அதற்குரிய திறப்பே பொருந்துவதுபோல, நொதியத்திலும் அதற்குரிய பொருளே பொருந்தும்.

முன்னர் நாம் 'டி.பி.ஏ.' என்று கேட்டு வாங்கி வயலுக்கு அடித்த புரோபனில் களைகொல்லியை எண்ணிப்பாருங்கள். நெற்சப்பி கருகியது, நெல் தப்பியது. இரண்டும் புல்லினமே. ஆனால் அந்த நஞ்சை உடைத்துத் தீங்கற்றதாக்கும் நொதியம் நெல்லில் நிறைய உண்டு. நெற்சப்பியில் போதியளவு இல்லை. ஒரு நொதியத்தின் வேறுபாடு பயிரையும் களையையும் பிரித்துவிட்டது. விஞ்ஞானிகள் தேடுவதும் இத்தகைய வேறுபாட்டைத்தான்.

கிருமியின் கேடயம்

எமது குருதியிலுள்ள காவற்கலங்கள் கிருமிகளை விழுங்கி, ஒட்சிசனிலிருந்து உண்டாகும் கடும் நஞ்சுகளை அவற்றின்மேல் வீசுகின்றன. பெரும்பாலான கிருமிகள் மடியும். லீஷ்மேனியாவோ மடிவதில்லை, காவற்காரனின் வயிற்றுக்குள்ளேயே பெருகுகிறது. காரணம், அதனிடம் ஒரு கேடயம் உண்டு. ட்ரைபனோதயோன் எனப்படும் இப்பொருளை அலன் ஃபெயர்லாம்ப், அன்ரனி செராமி ஆகியோர் 1985இல் அறிவித்தனர். நஞ்சைத் தாங்கித் தேய்ந்த கேடயத்தை உடனுக்குடன் புதுப்பிக்கும் நொதியமும் கிருமியிடம் இருக்கிறது.

மனிதருக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. ஆனால் எமது கேடயம் குளுட்டாதயோன் என்னும் வேறு பொருள். அதைப் புதுப்பிப்பது வேறு நொதியம். எமது திறப்பு கிருமியின் பூட்டில் பொருந்தாது. ஆகவே கிருமியின் நொதியத்தை மட்டும் அடைத்துவிட்டால், கேடயம் இழந்த கிருமியை எமது காவற்கலங்களே கொன்றுவிடும்.

வைத்தியசாலையில் புண்ணைச் சுற்றிப் போடப்படும் ஊசிமருந்தில் இருப்பது அந்திமனி என்னும் உலோகம். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அந்திமனி மருந்தொன்றை ஆக்கி, உள்ளுறுப்புகளைத் தாக்கும் காலா அசார் என்னும் இதன் கொடிய வடிவத்திலிருந்து பெருந்தொகையான மக்களைக் காத்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. மேற்சொன்ன நொதியத்தின் நடுப்பகுதியிலேயே அந்திமனி போய் ஒட்டிக்கொள்வதை 2009இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர்.

அரைகுறைச் சிகிச்சையின் விலை

களைகொல்லியைக் குறைத்து அடித்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தப்பிய களை விதை விட, அடுத்த போகத்தில் மருந்துக்கு அடங்காத களையே வயலை நிறைக்கும். இந்தியாவின் பீகாரில் இதுவே நடந்தது. அளவு குறைந்த ஊசிகளும் இடையில் விட்ட சிகிச்சைகளும் முக்கிய காரணங்களாக, 1990களில் அங்கு காலா அசார் நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்திமனி பயனளிக்காது போயிற்று. தப்பிய கிருமிகள் கேடயப் பொருளைக் கூடுதலாக ஆக்கவும், மருந்தை வெளியே தள்ளவும் பழகிவிட்டன. இலங்கையிலும் சிலருக்கு இம்மருந்து முன்போல் பலிக்கவில்லை என்று வைத்தியர்கள் கண்டுள்ளனர்.

ஆகவே, "புண் காய்ந்துவிட்டதே, இனி ஏன் பஸ்ஸுக்குக் காசு செலவழித்துப் போகவேண்டும்?" என்று இடையில் நிறுத்துகிறவர் தமக்கு மட்டுமல்ல, அயலவருக்கும் தீங்கு தேடுகிறார்.

ஏழைகளின் நோய்

கேடய நொதியம் தெரிந்து பல ஆண்டுகள் கடந்தும், அதற்கெனவே ஆக்கப்பட்ட புதிய மருந்து எதுவும் பாவனைக்கு வரவில்லை. அந்நொதியத்தை ஏறக்குறைய முழுமையாக அடைத்தாலன்றிக் கிருமி சாகாது என்பது ஒரு காரணம். வாங்க வசதியற்றவர்களின் நோய்க்கு மருந்து செய்வதில் இலாபம் இல்லை என்பது மற்றொன்று. இக்குறையை நீக்கவே 2003இல் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முயற்சி ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. கிருமியின் பழுதான புரதங்களை உடைக்கும் மற்றொரு நொதியத் தொகுதியை மட்டும் அடைக்கும் பொருளொன்று 2016இல் வெளியிடப்பட்டது. அதன் வழிவந்த மருந்தை மனிதரில் பரிசோதிக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. மனிதரின் மாண்பு அவர்களுடைய பணப்பையில் இல்லை என்பதை மருந்து உலகமும் கற்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

1. சில வாரங்களுக்கு மேல் ஆறாத பருவையோ புண்ணையோ அரசாங்க வைத்தியசாலையில் காட்டுவோம். சிறிதளவு தோல் எடுத்துச் சோதிப்பார்கள்.
2. சூடு வைப்பதையும் அமிலம் பூசுவதையும் தவிர்ப்போம்.
3. வைத்தியர் போதும் என்று சொல்லும்வரை, குறித்த நாட்களில் தவறாது ஊசி போடுவோம்.
4. மாட்டுக் கொட்டிலை வீட்டிலிருந்து தள்ளி அமைத்து, சாணத்தையும் உக்கிய குப்பையையும் அகற்றுவோம்.
5. மணல் ஈ சாதாரண வலைக்குள் நுழையும். ஆகவே மருந்தூட்டிய வலையைப் பயன்படுத்துவோம். மாலையில் கைகால்களை மூடிக்கொள்வோம்.

குழுவாக உரையாட

எமது குடியிருப்பில் நெடுநாள் ஆறாத புண்ணுடன் யாராவது இருக்கின்றனரா? அவர் வாரந்தோறும் வைத்தியசாலைக்குப் போகத் தடையாக இருப்பது எது: கூலி இழப்பா, வாகனமா, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமையா? அத்தடையை நீக்க எமது சங்கம் இந்த மாதமே எதைச் செய்யலாம்?