வெந்த கருவிழிக்குப் பனிக்குடச் சவ்வு

கேள்வி: சுண்ணாம்பு பட்டு வெந்த கண்ணில் பார்வை திரும்புமா?

பதில்: கருவிழியின் மேற்படலத்தைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அதன் விளிம்பில் உள்ளன. சுண்ணாம்பு அவற்றை அழித்தால் கருவிழி வெளுத்து, ரத்த நாளங்கள் படரும். அந்நிலையில் கருவிழி மாற்று அறுவை மட்டும் செய்தால் நிலைக்காது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழு 2012இல் வெளியிட்ட ‘ஸ்லெட்’ முறையில், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சுமார் 2 மி.மீ. திசு எடுத்துத் துணுக்குகளாக நறுக்கப்படுகிறது. பிரசவத்தின்போது தானமாகப் பெற்ற பனிக்குடச் சவ்வைக் கருவிழிமேல் விரித்து, அதில் துணுக்குகள் ஃபைப்ரின் பசையால் ஒட்டப்படுகின்றன. சவ்வு அழற்சியைத் தணிக்கும். செல்கள் பரவத் தளமாகும். பின் தானே கரையும். விலைமிகுந்த ஆய்வகத்தில் செல் வளர்க்கத் தேவையில்லை என்பதே பெரும் நன்மை. ஏழைக்கும் எட்டும் மருத்துவம் இது. இரு கண்களும் வெந்திருந்தால் சொந்தத் திசுவைக் கொண்டு இம்முறையைச் செய்ய இயலாது. சுண்ணாம்பு பட்டவுடன் துகளை நீக்கி, அதன் பிறகும் தொடர்ந்து நெடுநேரம் தண்ணீரால் கழுவுவதே முதல் சிகிச்சை.