விமானப் புள்ளிகளும் வியாபாரக் கணக்கும்



கம்பெனிப் பிரதிநிதி கடைக்கு வந்து, "பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம்" என்று சொன்னால் நாம் உடனே தலையாட்டி விடுவதில்லை. பத்துப் பெட்டி நம் கடையில் ஓடுமா, எத்தனை நாளில் ஓடும், தேதி முடிவதற்குள் விற்றுவிடுமா, ஒரு பெட்டிக்கு ஆசைப்பட்டு முதல் முடங்கிவிடுமா என்று மனக்கணக்குப் போட்ட பிறகே பில் போடச் சொல்கிறோம். இது நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். ஆனால் விமானம் ஏறும்போது மட்டும் இந்தக் கணக்கைக் கல்லாப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் பலர்.

திருவண்ணாமலை வட்டாரத்திலிருந்து வெளிநாடு போய்வரும் வியாபாரிகள் இன்று புதியவர்கள் அல்லர். ஆரணி அரிசி, மணிலா, ஜவ்வாது மலைச் சாமை, புளி, பூஜைப் பொருள்கள் என்று அனுப்புகிறவர்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வாங்குவோரைப் பார்க்கப் போகிறார்கள். பிளாஸ்டிக் சாமான், விளக்கு, பொம்மை வாங்குகிறவர்கள் சீனத்தின் குவாங்சோ நகரில் 1957 முதல் நடந்துவரும் கேண்டன் சந்தைக்குப் போகிறார்கள். மளிகைத் துறையினர் துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் கல்ஃபுட் கண்காட்சிக்குப் போகிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் விமான நிறுவனங்களும் ஓட்டல்களும், "எங்கள் திட்டத்தில் சேருங்கள், புள்ளிகள் சேரும், இலவசப் பயணம் கிடைக்கும்" என்று அழைக்கின்றன. சேரலாமா, சேர்ந்தால் எதில் சேருவது என்பதே இந்தப் பாடம்.

1. திட்டம் எப்படி வந்தது?

இந்த யோசனை பிறந்தது விமானத்தில் அல்ல, கடைத்தெருவில். அமெரிக்காவில் 1896-இல் தொடங்கிய ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற கம்பெனி கடைக்காரர்களுக்குப் பச்சை ஸ்டாம்புகளை விற்றது. கடைக்காரர் அவற்றை வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். வாடிக்கையாளர் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பொருளாக மாற்றிக்கொள்வார். ஒட்டாமல் தொலைந்த ஸ்டாம்பு எல்லாம் கம்பெனிக்கு லாபம்.

இதே முறையை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் ஆகாயத்துக்குக் கொண்டுபோனது. பறந்த மைல்களைக் கணக்கில் வரவு வைத்து, பிறகு டிக்கெட்டாகக் கொடுத்தது. 1983-இல் ஹாலிடே இன் ஓட்டல்கள் பின்தொடர்ந்தன. இன்று ஏர் இந்தியாவுக்கு மகாராஜா கிளப் (2025 வரை ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்), சிங்கப்பூர் ஏர்லைன்சுக்குக் கிரிஸ்ஃபிளையர், எமிரேட்சுக்கு ஸ்கைவார்ட்ஸ், மலேசியா ஏர்லைன்சுக்கு என்ரிச், ஸ்ரீலங்கனுக்கு ஃபிளைஸ்மைல்ஸ், இண்டிகோவுக்கு புளூசிப் என்று ஆளுக்கு ஒரு திட்டம் உள்ளது. பெயர் பலவானாலும் சரக்கு ஒன்றுதான்.

2. புள்ளி பணமல்ல, வரவேண்டிய பாக்கி

கணக்கில் இருக்கும் புள்ளியைக் கையில் இருக்கும் பணமாக நினைக்கக் கூடாது. அது ஒரு கம்பெனி நமக்குத் தரவேண்டிய பாக்கி. எழுத்துப் பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. அந்தப் பாக்கியின் மதிப்பை மாற்றும் உரிமையும் கடன்பட்டவரிடமே இருக்கிறது!

நம் நாட்டிலேயே மூன்று உதாரணங்கள் உண்டு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதன் கிங் கிளப் திட்டத்தில் புள்ளி சேர்த்திருந்தவர்களுக்கு, ஏறிப்போக வேண்டிய விமானமே இல்லாமல் போயிற்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு நின்றது. அதன் புள்ளித் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறித் தொடர்ந்தது. ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அது இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது புள்ளிகள் ஏர் இந்தியா கணக்குக்கு மாற்றப்பட்டன. ஒருவர் முழுகினார், ஒருவர் பாதியில் கரையேறினார், ஒருவர் தப்பினார். எது யாருக்கு நேரும் என்று சேர்த்தவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது.

கம்பெனி நன்றாக நடந்தாலும் புள்ளியின் மதிப்பு குறையலாம். மேரியட் ஓட்டல்கள் 2022-இல் "இந்த அறைக்கு இத்தனை புள்ளி" என்ற நிலையான பட்டியலை எடுத்துவிட்டு, நாளுக்கு நாள் மாறும் விலைக்குப் போயின. கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு மூன்றாண்டு ஆயுள். மேரியட் புள்ளிகள் 24 மாதம் கணக்கில் நடமாட்டம் இல்லாவிட்டால் காலாவதியாகும். ஆகவே புள்ளியைப் பருப்பு மூட்டைபோல் இருப்பு வைக்கக் கூடாது. பால் பாக்கெட்டைப்போல் வந்ததும் தள்ளிவிட வேண்டும்.

3. முதலில் வழித்தடம், பிறகு திட்டம்

எந்தத் திட்டம் நல்லது என்று கேட்பதற்கு முன், நாம் எங்கே போகிறோம் என்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு போன பயணங்களையும் வரும் ஆண்டில் போகவிருப்பவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நமக்குச் சென்னை, திருச்சி, பெங்களூரு என்று மூன்று விமான நிலையங்கள் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பது பெரிய வசதி. ஆனால் எங்கிருந்து ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து நிறுவனமும் மாறும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்சில் போகலாம். திருச்சியிலிருந்து அதன் துணை நிறுவனமான ஸ்கூட்டில் போகலாம். ஸ்கூட்டில் பறந்தாலும் கிரிஸ்ஃபிளையர் கணக்கில் புள்ளி சேர வழியுண்டு.

அடுத்து, கூட்டணிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1997-இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் ஏர் இந்தியா (2014 முதல்), சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ், லுஃப்தான்சா ஆகியவை உள்ளன. 1999-இல் தொடங்கிய ஒன்வேர்ல்டு கூட்டணியில் மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன், கத்தார் ஏர்வேஸ், கேத்தே பசிபிக் உள்ளன. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை.

ஒரு கூட்டணிக்குள் எந்த விமானத்தில் பறந்தாலும், கட்டண வகை இடம் கொடுத்தால், ஒரே கணக்கில் வரவு வைக்கலாம். சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போகிறவர் ஸ்டார் அலையன்சில் ஒரு கணக்கு வைத்தால் போதும். கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர் ஒன்வேர்ல்டில் ஒரு கணக்கு வைக்கலாம். துபாய் மட்டும் போகிறவருக்கு எமிரேட்ஸ் தனிக் கணக்கு. ஐந்து திட்டங்களில் ஐந்தைந்தாயிரம் புள்ளி சிதறிக் கிடப்பது, ஐந்து ஊரில் சில்லறைப் பாக்கி நிற்பதுபோல். வசூலாகாது.

4. ஒரு புள்ளியின் விலை என்ன?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு டிக்கெட் ரொக்கமாக 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதையே புள்ளியில் எடுத்தால் 16,000 புள்ளியும், வரி முதலிய வகைக்கு 6,000 ரூபாயும் கேட்கிறார்கள். இலவச டிக்கெட்டுக்கும் வரி உண்டு என்பதைப் பலர் கடைசியில்தான் அறிகிறார்கள். ஆக, மிச்சமாவது 12,000 ரூபாய். அதை 16,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 75 காசு.

இப்போது இரண்டு டிக்கெட்டுகளை ஒப்பிடுவோம். முதல் நிறுவனத்தில் 24,000 ரூபாய், 1,200 புள்ளி கிடைக்கும். இரண்டாவதில் 20,500 ரூபாய், புள்ளி இல்லை. 1,200 புள்ளியின் மதிப்பு 900 ரூபாய். 900 ரூபாய் புள்ளிக்காக 3,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், 2,600 ரூபாய் நஷ்டம்.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. மலிவு விமானங்கள் பலவற்றில் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. சாம்பிள் மூட்டையோடு போகும் வியாபாரிக்குப் போகவும் வரவும் 2,800 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், இரண்டாவது டிக்கெட் 23,300 ரூபாய் ஆகிவிடும். வித்தியாசம் 700 ரூபாய்தான். இப்போது 900 ரூபாய் புள்ளியுள்ள முதல் டிக்கெட்டே 200 ரூபாய் லாபம். இங்கே தராசைத் திருப்பியது பெட்டிக் கட்டணம், புள்ளி அல்ல.

5. வெள்ளியும் தங்கமும்

அதிகம் பறப்போருக்கு வெள்ளி, தங்கம் என்று தகுதி தருகிறார்கள். ஸ்டார் அலையன்சில் தங்கத் தகுதி இருந்தால் எடைக் கணக்கு உள்ள தடங்களில் 20 கிலோ கூடுதல் சாமான், ஓய்வறை, வரிசையில் முன்னுரிமை எல்லாம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்டுமா என்று பார்ப்போம்.

கிரிஸ்ஃபிளையரில் நெடுநாளாக இருந்துவந்த வரம்பு, 12 மாதத்தில் வெள்ளிக்கு 25,000 மைல், தங்கத்துக்கு 50,000 மைல். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 1,800 மைல். போய்வர 3,600. முழு மைல் கிடைத்தாலும் வெள்ளிக்கு 7 முறையும், தங்கத்துக்கு 14 முறையும் போய்வர வேண்டும். மலிவான டிக்கெட்டுக்குப் பாதி மைல்தான் என்றால் அதுவே 14 முறை, 28 முறை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போகும் நமக்கு இது எட்டாக் கனி. இதை எட்டவேண்டும் என்று தேவையில்லாத பயணம் போவது, இலவசப் பெட்டிக்காக ஓடாத சரக்கை இறக்குவதற்குச் சமம்.

6. ஓட்டல் திட்டங்கள்

கார்த்திகை தீபத்துக்கு வரும் வெளியூர் வணிகர்கள் தங்கள் சமூகச் சத்திரத்தில் தங்குவதை நாம் பார்க்கிறோம். இடம் பார்த்து, உணவு பார்த்து, தெரிந்தவர் இருக்கும் இடத்தில் தங்குவது நம் வழக்கம். வெளிநாட்டிலும் அந்த அளவுகோல் சரியானதே. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலோ, துபாய் தேராவிலோ சந்தைக்கு அருகிலுள்ள சிறு ஓட்டலை விட்டுவிட்டு, புள்ளிக்காகத் தொலைவிலுள்ள பெரிய ஓட்டலுக்குப் போனால் டாக்சிக் காசே புள்ளியைத் தின்றுவிடும்.

கண்காட்சிக்காகப் பெரிய ஓட்டலில் தங்கித்தான் ஆகவேண்டும் என்றால், உறுப்பினராகச் சேருவதில் தவறில்லை. சேருவதற்குக் காசில்லை. ஆனால் அறையை ஓட்டலிடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். இடைத்தரகு நிறுவனங்கள் மூலம் எடுத்த அறைக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. மேரியட்டில் புள்ளி கொடுத்து ஐந்து இரவு எடுத்தால் ஓர் இரவுக்குப் புள்ளி கழிவதில்லை. ஐந்து நாள் தங்குவோர் இதைக் கவனிக்கலாம். டாட்டா குழுமத்தின் நியூகாயின் முறையில் ஒரு காயின் ஒரு ரூபாய். தாஜ் ஓட்டல்களில் தங்குவோருக்கு மதிப்பு தெளிவாகத் தெரியும் என்பது அதிலுள்ள நன்மை.

7. கவனிக்க வேண்டியவை

பெயர்: நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். உறுப்பினர் கணக்கிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மாறினால் புள்ளி ஏறாது.

சான்று: புள்ளி வரவாகும்வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். விட்டுப்போனதைக் கேட்டுப் பெறுவதற்குக் கெடு உண்டு.

யாருக்குப் புள்ளி: பணம் கட்டியவருக்கு அல்ல, பறந்தவருக்கு. கடைச் செலவில் மகனையோ மேலாளரையோ அனுப்பினால் அவர் கணக்கில்தான் சேரும். கடைக்கும் சேரவேண்டுமானால் சிங்கப்பூர் ஏர்லைன்சின் ஹைஃபிளையர், எமிரேட்சின் பிசினஸ் ரிவார்ட்ஸ் போன்ற நிறுவனத் திட்டங்களில் தனியே பதிய வேண்டும். கம்பெனிகள் டீலர்களை அழைத்துப் போகும் குழுப் பயணங்களுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஜி.எஸ்.டி.: டிக்கெட் எடுக்கும்போதே கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுங்கள். வியாபாரப் பயணத்தின் சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு 5 சதவீத வரி. 20,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 1,000 ரூபாய். உள்ளீட்டு வரியாக எடுக்க முடிந்தால் அது மேலே சொன்ன 900 ரூபாய்ப் புள்ளியைவிடப் பெரிது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது இல்லை. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கிரெடிட் கார்டு: கார்டுப் புள்ளிகளை மைலாக மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் கெடுவில் முழுத் தொகையும் கட்டாவிட்டால் மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கும் மேல் வட்டி போடும் கார்டுகள் பல. வெளிநாட்டில் தேய்த்தால் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் உண்டு. புள்ளிக்காகக் கடன் வைப்பது, தவிட்டுக்கு ஆசைப்பட்டு அரிசியை விடுவதாகும்.

பயிற்சி

உங்கள் கடைசி மூன்று பயணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் விலை, பெட்டிக் கட்டணம், விமான நிலையம் போய்வந்த வண்டிச் செலவு, கிடைத்த புள்ளி என நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். புள்ளியைக் காசாக்கிக் கழியுங்கள். அந்தத் தேதியில் மாற்று விமானத்தின் விலை தெரிந்தால் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். எந்தக் கூட்டணியின் விமானங்கள் உங்கள் தாளில் அதிகம் வருகின்றனவோ, அதில் ஒரே ஒரு கணக்கைத் தொடங்குங்கள். சேரும் புள்ளியை அடுத்த பயணத்திலேயே செலவழியுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆகாயத்தில் போடுவதையும் அளந்தே போடுவோம். பயணம் வியாபாரத்துக்காக, புள்ளி வந்தால் அது கொசுறு. கொசுறுக்காக எவரும் சரக்கு வாங்குவதில்லை.

வாழ்க வணிகம்!