மைக்குக்கு எவ்வளவு கரண்ட் வேணும்?



கிராம சபையில் நம்ம ஊர் தண்ணீர் பிரச்சினையைப் பேச எழுந்து நிற்போம். அந்த நேரம் பார்த்து மைக் 'கொர்ர்' என்று இழுத்து நின்றுவிடும். கேட்க வேண்டியதைக் கேட்காமலே உட்கார்ந்து விடுவோம். மைக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

மைக்கில் மூன்று வகை பார்க்கிறோம்.

1. வயர் மைக்: உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். நம்ம குரல் பட்டுச் சுருள் அசையும்போது தானே சிறிது மின்சாரம் உண்டாகும். இதற்கு செல்லே வேண்டாம்.

2. சட்டையில் குத்தும் சின்ன மைக்: 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் கண்டுபிடித்த முறை இது. மின்னூட்டம் நிலையாகத் தங்கிய மெல்லிய தாள் உள்ளே இருக்கும். குரலைச் சற்றுக் கூட்டிக் கொடுக்க மட்டும் ஒரு பட்டன் செல் போதும். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் பெண்கள் பூட்டும் செல்போனுக்குள்ளும் மிளகு அளவில் ஒரு மைக் இருக்கு. அதுவும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும்.

3. வயர் இல்லாத மைக்: குரலை ரேடியோ அலையாக மாற்றி அனுப்புவதால் செலவு அதிகம். இதற்கு இரண்டு பென்சில் செல் போடுவோம்.

கணக்குப் பார்ப்போமா?

செல்லைத் தண்ணீர்க் குடம் என்று வைத்துக்கொள்வோம். குடத்தின் அளவை மில்லி ஆம்பியர்-மணி என்பார்கள். பட்டன் செல்லில் சுமார் 150 இருக்கும். சின்ன மைக் மணிக்கு அரை அளவு எடுத்தால், 150 ÷ 0.5 = 300 மணி நேரம் வரும். நல்ல அல்கலைன் பென்சில் செல்லில் சுமார் 2000 இருக்கும். வயர் இல்லாத மைக் மணிக்கு 150 எடுத்தால், 2000 ÷ 150 = 13 மணி நேரம். ஆனால் குடம் காலியாகும் முன்பே அழுத்தம் குறைந்து குரல் விட்டு விட்டு வரும். அதனால் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. விலை குறைந்த சாதா செல் இன்னும் சீக்கிரம் தீரும்.

நாம் செய்ய வேண்டியவை:

* பேசாத நேரத்தில் சுவிட்சை முழுசா அணைப்போம். சத்தத்தை மட்டும் நிறுத்தினால் ரேடியோ அலை போய்க்கொண்டே இருக்கும், செல்லும் தீரும்.
* இரண்டு செல்லையும் சேர்த்தே மாற்றுவோம். பழசும் புதுசும் கலக்கக் கூடாது.
* கூட்டம் முடிந்ததும் செல்லைக் கழற்றி வைப்போம். உள்ளேயே கிடந்தால் கசிந்து மைக் கெட்டுவிடும்.
* மைக் பொறுப்பைக் குழுவில் ஒருவரிடம் கொடுத்து, செல் மாற்றிய தேதியை நோட்டில் எழுதுவோம்.

முக்கிய எச்சரிக்கை: பட்டன் செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குழுவில் பேச: நம்ம மைக் எந்த வகை? அதன் செல்லை எப்போது மாற்றினோம்? அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடுவோம்.