முதலாம் ஆண்டில் சறுக்கிய பிள்ளை

உயர்தரப் பரீட்சையில் நல்ல இசட் புள்ளி பெற்றுப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுவது நம் வழக்கம். கோவிலில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். படித்த பாடசாலையின் வாயிலில் பெயரும் படமும் தொங்குகின்றன. ஓராண்டு கழிகின்றது; முதலாம் ஆண்டுப் பெறுபேறுகள் வெளிவருகின்றன. அதே பிள்ளை இரண்டு, மூன்று பாடங்களில் சித்தியடையவில்லை. இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பிள்ளையும் வீட்டில் சொல்வதில்லை. பேசப்படாத இவ்விடயத்தைப் பற்றியே இவ்வாரம் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாயிருந்து சிந்திக்க வேண்டுகிறோம்.

ஏன் இப்படி நேர்கின்றது?

திறமையற்ற ஒருவர் நம் நாட்டின் போட்டிப் பரீட்சையைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துள் நுழைய முடியாது. ஆகவே, "பிள்ளைக்கு மூளை இல்லை" என்ற முடிவு முதற்கண் தள்ளப்பட வேண்டியது. காரணங்கள் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கின்றன.

முதலாவது, படிக்கும் முறை. உயர்தர வகுப்பில் ரியூசன் ஆசிரியர் குறிப்புத் தந்தார். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்வித்தார். பிள்ளை மனனஞ் செய்து எழுதியது. பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றலாகும். அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது ஏறக்குறைய 15 மணித்தியாலம் மாத்திரமே. ஆகவே மூன்று கிரெடிட் பாடமொன்றுக்கு 45 மணித்தியாலம் விரிவுரை கேட்டால், நூலகத்திலும் மேசையிலும் மாணவர் தாமாகச் செலவிட வேண்டியது 105 மணித்தியாலம். இதை எவரும் நினைவூட்டுவதில்லை. விரிவுரைக்குப் போய்வந்ததும் படிப்பு முடிந்ததென்று எண்ணிய பிள்ளை, பாதி வேலைகூடச் செய்யாமலே பரீட்சை மண்டபத்துக்குச் செல்கின்றது.

இரண்டாவது, மொழி. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை, விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற பீடங்களில் ஆங்கில விரிவுரையை எதிர்கொள்கின்றது. விடயம் விளங்காததல்ல குறை, சொல் விளங்கவில்லை. விரிவுரையின் வேகத்தில் பின்தங்கியதை, அறிவில் பின்தங்கியதாக அப்பிள்ளையே தவறாக எண்ணிக்கொள்கின்றது.

மூன்றாவது, வீட்டைவிட்டுப் பிரிந்த வாழ்க்கை. சமைத்துத் தரத் தாயில்லை, எழுப்பிவிட ஆளில்லை. சில வேளைகளில் பணக்கஷ்டம். சில வேளைகளில் பகிடிவதை. பகிடிவதையைத் தடுக்க 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் உண்டு என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

தோல்வி கண்ட மாணவர் முதலில் செய்யவேண்டியது, கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுவதாகும். அச்சம் எப்போதும் கணக்கைப் பெரிதாக்கிக் காட்டும்.

நான்கு வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என வைத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டின் 30 கிரெடிட்டில் மாணவரொருவரின் தரப்புள்ளிச் சராசரி 1.6. பட்டம் பெறப் பொதுவாக வேண்டப்படும் சராசரி 2.0. அதாவது மொத்தம் 240 புள்ளிகள் வேண்டும். கையில் இருப்பது 48. எஞ்சிய 192 புள்ளிகளை 90 கிரெடிட்டில் பெற, இனிவரும் சராசரி 2.13 ஆக இருந்தாற் போதும். சி தரத்துக்கு 2.0, சி பிளஸுக்கு 2.3 என்பதை நினைவிற் கொண்டால், இது எட்டாத உயரமன்று என்பது விளங்கும்.

உண்மையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே மாணவர் இறுதியில் 3.0 சராசரியை எட்ட வேண்டுமாயின், எஞ்சிய ஆண்டுகளில் 3.47 பெற வேண்டும். அது கடினம். பெரும்பாலான பீடங்களில் மீளத் தோற்றிப் பெறக்கூடிய அதியுயர் தரம் சி மாத்திரமே. எனவே வகுப்புச் சித்தி கைநழுவக் கூடும். பட்டம் கைநழுவ வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலேயே சிலர் படிப்பையே விட்டுவிடுகின்றனர்.

அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் படிக்கும் நம் உறவினர் பிள்ளைகளுக்கு, சராசரி குறைந்தால் 'அக்கடமிக் புறபேசன்' என்னும் எச்சரிக்கை நிலை கொடுக்கப்படுவதுண்டு. அமெரிக்காவில் அநேகமாக 2.0 இற்குக் கீழிறங்கினால் இது நேரும். கடிதத்தைக் கண்டு பெற்றோர் கலங்குவர். அது வெளியேற்றமன்று; குறித்த காலத்துள் நிமிர்ந்துகொள்ளத் தரப்படும் தவணை. ஆனால் தவணை முடியும்வரை சும்மா இருந்தால் வெளியேற்றமே தொடரும்.

மாணவர் செய்யவேண்டியவை

பீடத்தின் கைந்நூலை எடுத்து, மீள்பரீட்சை எப்போது, எத்தனை தடவை தோற்றலாம், விண்ணப்ப முடிவுத் திகதி எது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மகாபொல போன்ற உதவிப்பணம் பெறுவோர், அது பாதிக்கப்படுமா என்பதை மாணவர் நலன்புரிப் பிரிவில் கேட்டறியுங்கள். சுகவீனத்தாற் பரீட்சைக்குச் செல்ல முடியாதுபோனால், மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துள் கையளியுங்கள். அது ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது பொதுவாக முதற்தடவையாகவே கணிக்கப்படும். விரிவுரை வரவு 80 வீதத்துக்குக் குறைந்தாற் பல பீடங்களிற் பரீட்சைக்கே அனுமதி கிடையாது.

அடுத்து, மாணவர் ஆலோசகராகிய விரிவுரையாளரைச் சென்று காணுங்கள். "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று சொல்லாமல், "இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். உதவி செய்வது அவருக்கு இலகுவாகும். ஆங்கிலம் தடையாயின், அன்றன்று கேட்ட பத்துக் கலைச்சொற்களை அன்றிரவே தமிழில் விளங்கி எழுதிவையுங்கள். விரிவுரை நடந்த நாளிலேயே ஒரு மணித்தியாலம் அதை மீட்டல், பரீட்சைக்கு முதல் வாரம் விழித்திருக்கும் பல இரவுகளிலும் மேலானது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை உண்மையைச் சொல்லாமைக்குக் காரணம் பெரும்பாலும் பொய்க்குணமன்று, பயம். "சனத்துக்கு முன்னால் எப்படித் தலை நிமிர்வது?" என்று தகப்பன் கேட்பார் என்பது பிள்ளைக்குத் தெரியும். மறைத்த தோல்வி தனிமையில் வளர்கின்றது. மீள்பரீட்சைக்குரிய திகதியும் அதற்கிடையே கடந்துபோகின்றது. ஆதலால் பெறுபேறு வருமுன்னரே சொல்லிவையுங்கள்: "எது வந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லு." சொன்ன பின் அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், எவருடனும் பேசாமல் ஒதுங்கினாலோ, வாழ்வே வேண்டாமென்ற பேச்சு வந்தாலோ, அதைச் சோம்பலென்றும் நடிப்பென்றும் தள்ளாமல் உடன் வைத்தியரை நாடுங்கள். தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

பங்குத்தந்தையரின் பாதுகாவலராகிய புனித யோன் மரிய வியானியை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சியாற் சிறுவயதுக் கல்வி குலைந்த அவர், 1813 இல் லியோன் குருமடத்தில் இலத்தீன் மொழியில் நடந்த பாடங்களைத் தொடர முடியாது திருப்பியனுப்பப்பட்டார். அவருடைய பங்குத்தந்தை பலே அடிகளார் அவரைக் கைவிடவில்லை. தாய்மொழியாகிய பிரெஞ்சில் பொறுமையுடன் கற்பித்தார். 1815 ஆகஸ்ட் 13 ஆந் திகதி வியானி குருவானார். மொழியே தடையாயிருந்ததென்பதை ஒருவர் கண்டுகொண்டதும், பக்கத்தில் அமர்ந்து கற்பித்ததுமே அங்கு வழியைத் திறந்தன. செபம் அவருக்குப் பலம் தந்தது. ஆயினும் படிப்புக்குப் பதிலாக நிற்கவில்லை.

குடும்பமாகக் கலந்துரையாட

1. நம் வீட்டிற் பிள்ளையொன்று தோல்வியைச் சொன்னால், முதல் ஐந்து நிமிடத்தில் நாம் என்ன பேசுவோம்?

2. நாம் பிள்ளையின் பட்டத்தை விரும்புவது பிள்ளைக்காகவா, ஊருக்காகவா?

3. நம் பங்கிலிருந்து முதலாம் ஆண்டுக்குச் செல்லும் மாணவருக்கு, அதே பீடத்தில் மூத்த மாணவரொருவரைத் துணையாக அறிமுகஞ் செய்துவைக்க நம்மால் முடியுமா?