யார் கையில் தூரிகை

அன்புள்ள வாசகருக்கு,

திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர் படைக்கும் இன்றைய கலையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் பெருநகரத்து கேலரிகளின் சமாச்சாரம், பரமக்குடிக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் அக்கறை தெரிந்தது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாடகம் பார்த்தவர் நீங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் பெண் வேடங்களையும் பையன்களே கட்டினார்கள். ஸ்திரீபார்ட் நடிகர்களுக்கென்று ரசிகர் கூட்டமே இருந்தது. டி.கே. சண்முகம் ஔவையாராக நடிக்க, அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. உங்கள் ஊரில் பிறந்த கமல்ஹாசன் 1996-இல் 'அவ்வை சண்முகி'யாக வந்தபோது குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். சித்திரையில் மதுரை ராமராயர் மண்டபத்துத் தசாவதார இரவில் அழகரையே மோகினிக் கோலத்தில் கும்பிடுகிறோம். ஆணும் பெண்ணும் இடம் மாறுவது நமக்குப் புதிதே இல்லை. ஆனால் விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. அது வேடமில்லை, என் உயிரே அதுதான் என்றவர்களை வீட்டைவிட்டே துரத்தினோம்.

இன்றைய கலை கிழித்துப் போடுவது அந்த ஒப்பந்தத்தைத்தான்.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான 'நான் வித்யா'வைத் தழுவிக் கன்னடத்தில் ஒரு படம் வந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. அருமையான நடிகர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நாடகக் கலைஞரான ஒரு திருநங்கையின் வாழ்க்கைக்கு திரையில் உடல் கொடுத்தவர் அங்கும் ஓர் ஆண்தான். அதே வித்யா 2014-இல் ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோருடன் சேர்ந்து சென்னையில் 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார். தங்கள் கதையைத் தாங்களே நடித்தார்கள். 2022-இல் தஞ்சாவூர்ப் பக்கத்து நேகாவுக்கு 'அந்தரம்' படத்துக்காகக் கேரள அரசின் விருது அறிவிக்கப்பட்டபோது, திருநங்கை பாத்திரத்துக்கு ஒரு திருநங்கையே கௌரவிக்கப்பட்டார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என்னை அதிகம் உலுக்கியது கல்கி சுப்ரமணியத்தின் சிவப்புச் சுவர். பொள்ளாச்சியிலிருந்து வந்த திருநங்கை, கவிஞர், ஓவியர். தங்கள்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறையைத் திருநர்கள் தங்கள் கையெழுத்திலேயே காகிதத்தில் எழுதுகிறார்கள். அதன்மேல் சிவப்புச் சாயம் தோய்த்த உள்ளங்கையைப் பதிக்கிறார்கள். அந்தத் தாள்கள்தான் சுவர். தேர்ந்த கோடுகள் இல்லை, வண்ணக் கலவை இல்லை. இது கலையா என்று கேட்பவர்கள் உண்டு. கலைதான் என்பேன். காவல் நிலையத்தில் வாங்க மறுத்த புகார்கூட இந்தச் சுவரில் ஏறும். பார்ப்பவர் ஒவ்வொரு தாளின் முன்னும் நின்று, ஒரு முழு மனிதரின் கைத்தடத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து வாசித்தாக வேண்டும். கண்ணை விலக்கிக்கொண்டு போகும் நம் பழக்கத்துக்கு எதிரான போராட்டம் அது.

எதிர்ப்பென்றால் இரத்தச் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பரோடாவில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்த பூபேன் கக்கர், ஆண்களுக்கிடையிலான அன்பை மத்தியதர வீட்டுப் பால்கனிக்கும் தெருவுக்கும் நடுவே வைத்தார். அப்பனும் மகனும் கழுதையும் ஊர்ப்பேச்சுக்கு அலைக்கழிந்த, நாம் சின்ன வயதில் கேட்ட அதே கதையை வைத்து 1981-இல் அவர் வரைந்த படம் இப்போது லண்டன் டேட் தொகுப்பில் இருக்கிறது. மதுரையின் திருநங்கை நர்த்தகி நடராஜ் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, நாயகி பாவத்தைத் தன் சொந்த வீடாக்கிக்கொண்டவர். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். மரபை உடைக்காமல் அதற்குள்ளேயே நின்று தன் இடத்தை வாங்கினார். பெங்களூரில் 2016-இல் தொடங்கிய அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட்டின் திருநங்கையர் சாரம் கட்டி ஏறித் தெருச்சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டுகிறார்கள். 2024-இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்கு ஒரு சுவர் கிடைத்தது.

வெனிஸில் கிடைத்த சுவர் வைகைக் கரையில் கிடைக்காதா? இதுதான் உங்களுக்கு என் பதில். கடை திறக்கும்போது ஆசி வாங்க மட்டும் நாம் தேடும் அந்த மனிதர்களை, உங்கள் பள்ளிச் சுவருக்கோ நூலகச் சுவருக்கோ வண்ணம் தீட்டக் கூப்பிடுங்கள். என்ன வரைவது என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் தீர்மானிக்கட்டும். மற்ற ஓவியருக்குக் கொடுக்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். கீழே பெயர் எழுத இடம் விடச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் நாளை எழுதினால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்