காஞ்சிப் பெண்களின் பழங்கதையைத் திரும்ப எழுதப் போகிறீர்களா?

கேத்தரின் ஆர்டனின் 'தி பேர் அண்ட் தி நைட்டிங்கேல்' (2017) நாவலில் ரஷ்யக் கிராமத்துப் பெண் வாசிலிசாவுக்கு ஊரார் இரண்டே வழிதான் காட்டுகிறார்கள்: கல்யாணம், இல்லாவிட்டால் கன்னிமடம். இரண்டையும் அவள் மறுக்கிறாள். அந்த நாவலைப் படித்தபோது, இப்படி மறுத்த பெண்கள் நம் காஞ்சிக்கு எப்போதோ வந்துபோயிருக்கிறார்களே என்று மனம் பொங்கியது.

செய்ய வேண்டியவை

• புறநானூற்றின் 95ஆம் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதியமானின் தூதராகக் காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் வருகிறார் ஔவை. அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். 'உன் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்கிறார் அவர். புகழ்வதுபோல் பேசியே போர் அறியாதவன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். ஒரு நாவலுக்கு இந்த ஒரு காட்சி போதும்.

• இன்குலாப் எழுதி அ. மங்கை மேடையேற்றிய 'ஔவை' நாடகத்தைத் தேடிப் படியுங்கள். ஊர் ஊராகத் திரியும் பாண்மகளாக ஔவையை மீட்டுத் தந்தது அது.

• தறி வீடுகளில் தார் சுற்றும் பெண்களோடு உட்கார்ந்து கதை கேளுங்கள். கையோடு சேர்ந்து வாயும் ஓடும்.

செய்யக்கூடாதவை

• சங்ககால ஔவைக்குக் கோலூன்றிய பாட்டி வேடம் போடாதீர்கள். அந்த உருவம் பின்னால் வந்த வேறு ஔவைகளுடையது. 1953இல் வந்த 'ஔவையார்' படம் அதை நம் கண்ணில் பதித்துவிட்டது.

• பெண்ணை வீராங்கனையாக்க அவள் கையில் வாளைத் திணிக்காதீர்கள். மணிமேகலை பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியோடுதான் வந்தாள். தன்னை விரும்பிய இளவரசன் உதயகுமரன்மேல் அவள் மனம் சென்றதையும் மறைக்காதீர்கள். ஆசை இருந்தும் துறந்தாள் என்பதில்தான் அவள் உயரம் இருக்கிறது.

• ஔவை காலத்தில் ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை நிறுத்தாதீர்கள். அது 1509இல் எழுந்தது. கோர்வைப் பட்டுச் சேலையும் வேண்டாம்.

• ஏகாம்பரநாதர் கோயில் கதையில், வேகவதியில் வெள்ளம் வந்ததும் அம்மன் பயந்துபோய் லிங்கத்தைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதாதீர்கள். தன் கையால் மணலில் பிடித்ததை ஆற்றுக்கு விடமாட்டேன் என்று அணைத்துக்கொண்டவள் அவள். அவளுடைய வளைத்தழும்பு அந்த லிங்கத்தில் பதிந்திருப்பதாகக் காஞ்சியில் இன்றும் சொல்கிறார்கள்.